செவுள் புழுவுக்குப் பாராட்டு விழா

கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஸ்கெலட்டன் என்கிற பேட்டைக்குப் போகிற வழியில், வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றில், 'நன்னீர்க் கெண்டை மீன் ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்கள் அடையாளம் மற்றும் பரவல் உயராய்வு மையம்' இயங்கி வருகிறது. பெயர்ப்பலகை பங்களாவைவிட நீளமாகப் போய்விட்டதால், 'உயராய்வு மையம்' என்ற கடைசி இரண்டு சொற்களை மட்டும் பக்கத்துச் சைக்கிள் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பஞ்சர் ஒட்டுகிறவருக்கு இதனால் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. ஊரில் யாரும் இவ்வளவு நீளத்துக்குச் சொல்வதில்லை. 'புழு ஆபீஸ்' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

தங்கம் எடுத்த ஊரில் மீன் புழுவுக்கு எதற்கய்யா ஆபீஸ் என்று நான் ஒருமுறை அங்கேயே கேட்டிருக்கிறேன். மீன் நிறைய இருக்கிற ஊரில் ஆபீஸ் வைத்தால் மீன் வளர்க்கிறவர்கள் வந்து தொந்தரவு செய்வார்கள், ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று பதில் சொன்னார்கள். நியாயம்தான். முனிரத்தினம் வாளியோடு போய் நிற்கும்வரை அங்கே ஆராய்ச்சி கெடாமல்தான் நடந்து வந்தது.

முனிரத்தினம் பெரிய தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கெலட்டனுக்குப் பின்னால் கல் உடைத்த பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. அதைக் குத்தகைக்கு எடுத்து, அவரும் மனைவி ரத்தினம்மாவும் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்தார்கள். இந்தப் பள்ளத்தில் தவளைகூட நிற்காது என்று சிரித்தவர்கள் எல்லாம், மீன் முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் சாயந்தர நடையைக் குளக்கரைப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள்.

அந்த மீன்கள்தான் இப்போது தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தினமும் விடிந்தால் சில செத்து மிதந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சளி பிடித்து வெளுத்துப்போயிருந்தது.

பெங்களூரில் இருக்கிற மகன் ரூபேஷ் போனில் சொல்லிவிட்டான்: "அப்பா, மீன் போனா போவட்டும் வுடு. எங்க அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன் வேலை கீது. காலைல டிரெய்ன் புடிச்சா ராத்திரி வூட்டுக்குத் திரும்பிடலாம்."

காலை டிரெய்ன் என்றால் என்ன என்று கோலார் தங்கவயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தால் பெங்களூர் வருகிறவரை இன்னொரு காலைத் தூக்கியபடியே போக வேண்டும். முனிரத்தினத்துக்கு அதை நினைத்தாலே முட்டி வலித்தது. மீன் பிழைத்தால் ஊரோடு இருக்கலாம், மீன் செத்தால் டிரெய்ன். இவ்வளவுதான் விஷயம். அதனால் மூச்சு வாங்குகிற கட்லா ஒன்றை வாளியில் போட்டுக்கொண்டு புழு ஆபீசுக்குக் கிளம்பினார்.

வாசலில் இருந்தவர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"மீனுக்கெல்லாம் அனுமதி இல்லைங்க. புழு மட்டும்தான் உள்ள போலாம்."

"புழு மீன் மேல கீதுங்களே."

"அப்ப புழுவை இறக்கிட்டு மீனை வெளிய வெச்சிடுங்க."

கடைசியில் மீன், புழுவின் வாகனம் என்ற முறையில் அனுமதிக்கப்பட்டது. திரும்பிப் போகும்போது வாகனத்தைத் தவறாமல் எடுத்துச்செல்ல வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்தார்கள்.

அடையாளப் பிரிவின் தலைவர் டாக்டர் ஆஸ்டின் மீனின் செவுளில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. முனிரத்தினத்துக்குக் கவலையாகிவிட்டது. ஆஸ்டின் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இன்னா சார்? ரொம்ப மோசமா?"

"அழகு! வாங்க, நீங்களும் பாருங்க. பின்பக்கம் ரெண்டு பெரிய கொக்கி தெரியுதா? சுத்தி குட்டிக் கொக்கி. இந்தக் கொக்கியைப் போட்டுத்தான் செவுளைப் பிடிச்சிக்கிட்டு உட்காருது. தட்டைப்புழுவில் யாரு எந்த ஜாதின்னு கொக்கி வளைவைப் பார்த்துத்தான் சொல்லணும். இந்த வளைவைப் பாருங்க, எவ்வளவு அடக்கமா இருக்கு!"

முனிரத்தினம் பார்த்தார். அவர் மீனை உயிரோடு தின்கிற பிராணி கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு இன்னா சார் மருந்து?"

ஆஸ்டின் முகம் சுருங்கியது. விருந்தாளியை வைத்துக்கொண்டு அவரைக் கொல்ல வழி கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

"பெரியவரே, அடையாளம் காணறதுக்கு முன்னாடி மருந்தைப் பத்திப் பேசக்கூடாது. அது அறிவியலுக்கு விரோதம்."

"சரி சார். அடையாளம் கண்டப்புறம்?"

"அதுக்கப்புறம் மருந்து சொல்றது எங்க வேலை இல்லை. எங்க பேர்லயே இருக்கே, அடையாளம், பரவல். மருந்துன்னு எங்கயாவது எழுதியிருக்கா? நீங்க மேல் லெவலுக்குப் போயி பரவல் பிரிவைப் பாருங்க."

மேல் மாடியில் பரவல் பிரிவின் தலைவி மமதா மேடம் ஒரு பெரிய வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எந்தப் புழு எந்த ஊரில் உண்டோ அந்த ஊரில் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தது. அவர் வாளியைப் பார்க்கவில்லை. வரைபடத்தைத்தான் பார்த்தார்.

"இந்தப் புழு இந்த ஊர்ல இல்லையே."

"மேடம், இதோ கீது. கீழ சார் பார்த்தாரு."

"நோடி, இங்க பாருங்க, அவர் என்ன புழுன்னு பார்க்கிறவர். எங்க இருக்குன்னு பார்க்கிறது நான். வரைபடத்துல ஸ்கெலட்டன்ல ஊசி இல்லை. அதனால உங்க குளத்துல இருக்கிறதுக்கு வாய்ப்பில்லை."

"அப்ப ஊசியைக் குத்திடுங்க மேடம்."

"இல்லாத ஊர்ல எப்படிக் குத்தறது?" மமதா மேடம் நல்ல மனுஷி. அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. கொஞ்சம் யோசித்து ஒரு வழியும் சொன்னார். "பங்காருபேட்டையில இந்தப் புழுவுக்கு ஊசி இருக்கு. நீங்க மீனை அங்க எடுத்துட்டு வாங்க. அங்க வெச்சு நான் பார்த்தா, இருக்குன்னு தைரியமா சொல்லிடலாம்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். முனிரத்தினம் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு நட்டு வாங்கக் கையெழுத்துக்காக ஷிப்ட் முழுக்க அலைந்தவர் அவர். மறுநாள் வாளியும் கையுமாக ரயில் ஏறிப் பங்காருபேட்டை ஜங்ஷனில் இறங்கினார். ரயிலில் கூட்டம் அவருக்கு இடம் விடவில்லை என்றாலும், வாளித் தண்ணீர் தெறித்ததும் மீனுக்கு விட்டது. மமதா மேடம் ஜீப்பில் வந்து, பிளாட்பாரத்திலேயே மைக்ராஸ்கோப்பை வைத்து, செவுளைப் பார்த்தார். இட்லி விற்கிறவர், கூலிக்காரர், மூன்று பாஷையிலும் அறிவிப்பு செய்கிற அம்மாள் உட்பட எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஹௌது! இருக்கு!" என்றார் மேடம். பிளாட்பாரமே கை தட்டியது.

"அப்ப மருந்து மேடம்?"

"எதுக்கு மருந்து? புழு இருக்கிறது பங்காருபேட்டையில. உங்க குளம் இருக்கிறது ஸ்கெலட்டன்ல. உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை, நிம்மதியா போய்ட்டு வாங்க."

முனிரத்தினம் வாளியைப் பார்த்தார். கட்லா அறிவியலுக்காக உயிரை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு மீனுக்கு டிரெய்ன் காட்டினு வர்றதுக்கா போனே? அங்க மீனுங்க வாயப் பொளந்துனு கீது. இன்னும் எத்தினி பேருகிட்ட போயி நிப்பே?"

அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழாமல் குளக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதற்கிடையில் ஆபீசில் கலவரம். அடையாளம் கண்டது ஆஸ்டின். குண்டூசி ஏறியது பங்காருபேட்டையில், அதுவும் பிளாட்பாரத்தின் மேல். 'என் புழுவை எடுத்து ஊரான் பிளாட்பாரத்தில் வைக்க இவர் யார்?' என்று கொதித்த ஆஸ்டின், மறுபடி கொக்கியை அளந்தார். கோபத்தோடு அளந்தால் எதுவும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். கொக்கியின் வளைவு பழைய புழுவுக்கு இருப்பதைவிடச் சற்றே அதிகம் என்றும், எனவே இது இதுவரை உலகமே பார்த்திராத புதுப்புழு என்றும் அறிவித்தார். உலகத்தில் எங்கேயும் இல்லாத புழுவுக்கு எந்த வரைபடமும் தடை சொல்ல முடியாது. மமதா மேடமும் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஸ்கெலட்டனில் பச்சை நிறத்தில் புது ஊசி ஏறியது.

புதுப்புழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று இயக்குநர் டாக்டர் சின்னசாமி தலைமையில் ஒரு குழு கூடியது. இயக்குநரின் பெயரையே வைக்கலாம் என்று ஒருமனதாக முடிவானது. எதிர்த்துப் பேச நினைத்திருந்த ஆஸ்டின், பதவி உயர்வுக்கான நேர்காணலை நினைத்துக்கொண்டு இயக்குநரின் முதலெழுத்தையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அடுத்த நாள் ஆபீஸ் முழுக்க ஜீப்பில் ஏறிக் குளத்துக்கு வந்துவிட்டது. முனிரத்தினம் மருந்துதான் வருகிறது என்று ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். வந்தது ஒரு போர்டு. 'அரிய தட்டைப்புழுவின் ஒரே வாழிடம். மீன் பிடிக்கவோ, மருந்திடவோ, புழுவுக்கு மன உளைச்சல் தரும் எந்தச் செயலையும் செய்யவோ கூடாது.'

"சார், மீனெல்லாம் செத்துப்போவுது சார்" என்றார் முனிரத்தினம்.

இயக்குநர் சின்னசாமி முதல் முறையாக அவரைப் பார்த்தார். "யாரு இவரு?"

"புழு தங்கியிருக்கிற மீனோட சொந்தக்காரர் சார்" என்றார் ஆஸ்டின்.

"ஓ, வீட்டுக்காரர்! ரொம்ப சந்தோஷம். மீன் சாகுதா? அது கூடாதே! மீன் செத்தா புழு எங்க போகும்?" இயக்குநருக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. புதுசா இன்னும் கொஞ்சம் மீன் விடுங்க. புழுவுக்கு இடப் பற்றாக்குறை வரக்கூடாது."

முனிரத்தினம் அன்று சாயந்தரம் மகனுக்கு போன் போட்டு, வாட்ச்மேன் உடுப்பு தன் அளவில் கிடைக்குமா என்று கேட்டார்.

ஆனால் விழா என்று ஒன்று இருக்கிறதே. புதுப்புழு கிடைத்தும் பாராட்டு விழா நடத்தாமல் விட்ட ஆராய்ச்சி மையம் இந்தப் பூமியில் உண்டா? ஞாயிற்றுக்கிழமை காலை குளக்கரையில் சாமியானா போட்டார்கள். மேடை, மைக், குத்துவிளக்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் வந்தன. மைக்ராஸ்கோப்புக்கு மாலை போட்டு நடுமேஜையில் வைத்தார்கள். உள்ளே கண்ணாடித் துண்டில் விழா நாயகர் படுத்திருந்தார். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நல்ல கூட்டம். எங்கள் ஊர்க்காரர்கள் சுரங்கத்து யூனியன் மீட்டிங் கேட்டே பழகியவர்கள்; மைக் சத்தம் கேட்டால் போதும், யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் போய் உட்கார்ந்துவிடுவோம். நானும் போயிருந்தேன். ரத்தினம்மா முன்வரிசையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்டின் கொக்கியைப் பற்றிப் பேசினார். மமதா மேடம் ஊசியைப் பற்றிப் பேசினார். பிறகு இயக்குநர் எழுந்தார். அவர் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நீளத்துக்குப் பேசக்கூடியவர்.

"பெரியோர்களே! இந்தப் புழு என் பெயரைத் தாங்கியிருப்பதால் சொல்லவில்லை, இது மிகவும் மென்மையான உயிர். நம்மைப் போன்ற அறிஞர்களைப் போலவே இதுவும் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால் விடாது. உட்கார்ந்த இடத்தை உறிஞ்சியே வாழும். வேறு எந்த வேலையும் செய்யாது!"

கூட்டம் பலமாகக் கை தட்டியது. இயக்குநருக்கு உற்சாகம் ஏறியது.

"இதன் மென்மையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? துப்பாக்கி வேண்டாம், விஷம் வேண்டாம். நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிற கல் உப்பு போதும், இந்தக் குலக்கொழுந்தைக் கொன்றுவிடும்!"

ரத்தினம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாராவது ஒரு படுபாவி, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் அரைக் கிலோ கல் உப்பைக் கரைத்து, மீனை அதில் முக்கி, மீன் லேசாகச் சாய ஆரம்பித்ததும் எடுத்து நல்ல தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? மீன் ஜாலியாக நீந்திப் போய்விடும். புழு? ஐயோ! அத்தனையும் கொக்கி கழன்று விழுந்துவிடும்!" அவர் குரல் தழுதழுத்தது. கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "ஒரே ஆறுதல், முட்டையை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் முட்டை பொரிந்து குஞ்சு வருகிற நேரம் பார்த்து, அடுத்த வாரமும் அதே படுபாவி அதே காரியத்தைச் செய்தால் ஒரு வம்சமே அழிந்துபோகும். ஆகவே உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், இந்த வாரமும் அடுத்த வாரமும் தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்!"

"சார், இந்துப்பு போட்டாலும் செத்துடுமா?" என்று ரத்தினம்மா எழுந்து கேட்டாள்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "பாருங்கள்! ஒரு தாயின் பதைப்பைப் பாருங்கள்! எந்த உப்பானாலும் செத்துவிடும் அம்மா."

"அரைக் கிலோவுக்கு மேல போட்டா?"

"மேலே போட்டால் மீனே செத்துவிடும். அதையும் செய்துவிடாதே தாயே!"

ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியும் கிடைக்காத விஷயம், கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி தேடி வந்து கையில் விழுந்தது. முனிரத்தினம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ரத்தினம்மா அவர் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"எங்கப்பா யூனியன்ல இருந்தவரு. ஆபீஸ்ல போயி கேட்டா ஒண்ணும் பேராது, மைக்கைக் குடுத்தா தானா கொட்டுவானுங்கன்னு சொல்வாரு. எய்ந்திரு, கடை மூடப்போறான்."

மறுநாள் வெயில் ஏறின பிறகு, பட்டப்பகலில், ஊர் பார்க்க வேலை நடந்தது. விழாவுக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வலை இழுக்க வந்துவிட்டார்கள். நானும் ஒரு வாளி பிடித்தேன். மீன்களை முக்கி எடுத்தோம். சாய்ந்தவை எல்லாம் நல்ல தண்ணீரில் விழுந்ததும் வாலைச் சிலுப்பிக்கொண்டு போயின. இயக்குநர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடியே நாள் பார்த்து அடுத்த வாரமும் ஒருமுறை செய்தோம். அதற்குப் பிறகு ஒரு மீன்கூட மேலே வந்து வாயைப் பிளக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தால் செம்பருத்திப்பூ நிறம். முனிரத்தினம் மகனுக்கு போன் போட்டு, "உடுப்பு வேணாம்டா, வாரக் கடைசில வந்து மீன் எடுத்துனு போ" என்றார். அப்போது அவர் அழுதுவிட்டார்.

சில நாள் கழித்து ஆபீஸ் கணக்கெடுப்புக்கு வந்தது. எத்தனை செவுளைப் பார்த்தும் புழு இல்லை. முனிரத்தினம் காலால் தரையைத் தேய்த்தபடி நின்றார். கரையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஆனால் தரையைப் பார்ப்பது எந்தப் பிரிவின் வேலையும் இல்லை. ஆஸ்டினும் மமதா மேடமும் தனித்தனியாக யோசித்து, முதல் முறையாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். முன்பு 'அரிய' புழுவாக இருந்தது இப்போது 'மிக அரிய' புழுவாக உயர்ந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அரிய புழு உலகத்தில் வேறு எவரிடமும் இல்லை. இயக்குநருக்கு டில்லியிலிருந்து ஒரு கேடயம் வந்தது. புழு தங்காத மீனைக் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை என்பதால் மீன் பிடிக்கக் கூடாது என்ற தடையும் போயிற்று. ஆண்டர்சன்பேட்டை சந்தையில் ரத்தினம்மா தராசு பிடித்து உட்கார்ந்தபோது முதல் கட்லாவை வாங்கியவர் மமதா மேடம்தான். செவுளை நன்றாகக் கழுவித் தரச் சொன்னார்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சந்தை என்றால் வாய் இருக்குமே.

அடுத்த மாதம் பேத்தமங்கலத்திலிருந்து மீன் வளர்க்கிறவர்கள் சிலர் பழத்தட்டோடு புழு ஆபீசுக்கு வந்தார்கள். அவர்களுடைய மீனில் கறுப்புப் புள்ளி வைக்கிற அபூர்வமான புழு ஒன்று கிடைத்திருப்பதாகவும், அதைப் பார்த்ததிலிருந்து ஊரே பக்தியில் இருப்பதாகவும், இயக்குநர் ஐயா வந்து அதைப் பாராட்டி நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஐயா போனார். குளத்து நத்தைகளுக்குள் குடியிருந்துதான் அந்தப் புழு வளர்கிறது, நத்தைகளை அள்ளி அப்புறப்படுத்தினால் அதன் கதி அதோகதி, ஆகவே சத்தியமாக யாரும் அள்ளக்கூடாது என்று கண்ணீர் விட்டார். மறுநாள் குளத்தில் மருந்துக்குக்கூட நத்தை இல்லை. பிறகு மாலூர்க்காரர்கள் வந்தார்கள். சீனிவாசபுரத்திலிருந்து மேளதாளத்தோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இயக்குநருக்கு இப்போது ஓய்வே இல்லை. ஜனங்களுக்குப் புழுக்கள் மேல் இவ்வளவு பாசம் பொங்கும் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்று போன வாரம் என்னிடமே சொன்னார்.

நேற்றுப் பங்காருபேட்டைப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் கூட்டம். முனிரத்தினமும் ரத்தினம்மாவும் நானும் போயிருந்தோம். ஐயா தோளில் சால்வை, கழுத்தில் ஆளுயர மாலை. இந்த ஏரியின் புழுவைப் பற்றி அரைமணி நேரம் உருகிப் பேசிவிட்டு, ஒரு நிமிடம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு வல்லமை படைத்த இந்தப் புழுவுக்கும், அன்பர்களே, ஒரே ஒரு எதிரி உண்டு..."

கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அழுத குழந்தைக்கு யாரோ வாயைப் பொத்தினார்கள். ஐயா அந்தப் பொருளின் பெயரையும், எவ்வளவு போட்டால் ஆபத்து என்பதையும் படபடவென்று சொல்லிக்கொண்டு போனார். பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்து கும்பிட்டார்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. எழுதிக்கிறோம்."

இயக்குநர் பேச்சை நிறுத்தி, அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அளவை முதலிலிருந்து நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னார்.